பணம் எங்கிருந்து வந்தது? மேலே பார்த்தும் கேளுங்கள்!

2023 ஏப்ரல் 6 அன்று சென்னை ஆளுநர் மாளிகையில், குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களிடம் பேசினார் ஆளுநர் ஆர்.என்.ரவி. கூடங்குளம் அணுஉலை எதிர்ப்புப் போராட்டமும் தூத்துக்குடி ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டமும் வெளிநாட்டுப் பணத்தால் தூண்டிவிடப்பட்டவை என்றார். தூத்துக்குடியில் 13 பேர் காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியாகி அப்போது ஐந்தாண்டுகூட முடிந்திருக்கவில்லை. நாளை ஆட்சியர் நாற்காலியிலும் எஸ்.பி. நாற்காலியிலும் உட்காரப் போகிற பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக் கொடுத்த பாடம் இதுதான்: போராடுகிறவன் என்ன சொல்கிறான் என்று காது கொடுக்காதே, அவன் சட்டைப் பையைத் தடவிப் பார்.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதே தவறு என்று நான் சொல்லப் போவதில்லை. நிலம் யார் பெயரில் இருக்கிறது, கோயில் வருமானம் யார் கைக்குப் போகிறது, பொதுக் கிணற்றுக்கு யார் சொந்தம் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்ததுதான் சாதி ஒழிப்பு அரசியல். பணத்தைப் பற்றிய கேள்வியை நாம் யாருக்கும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. என் குற்றச்சாட்டு வேறு. இந்த நாட்டில் மின் திட்டங்களை எதிர்க்கிறவர்கள் பலவகை. அவர்களில் மீனவரிடமும் உழவரிடமும் பழங்குடியினரிடமும் மட்டும்தான் அந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. அதே கேள்வியை மேலே பார்த்துக் கேட்டால் சட்டமே திருத்தப்பட்டுவிடுகிறது. எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரண்டு கட்சி, ஒரே பாட்டு

வெளிநாட்டுச் சதி என்பது பாஜக கண்டுபிடித்த சரக்கு என்று இளம் தோழர்கள் சிலர் நினைக்கிறார்கள். கூடங்குளத்தில் அதை முதலில் கடைவிரித்தவர் மன்மோகன் சிங். 2012 பிப்ரவரியில் ‘சயன்ஸ்’ என்ற அமெரிக்க அறிவியல் ஏட்டுக்கு அளித்த பேட்டியில், அணுமின் திட்டம் சிக்கலில் மாட்டியதற்குக் காரணம் பெரும்பாலும் அமெரிக்காவைத் தளமாகக் கொண்ட தொண்டு நிறுவனங்கள்தான் என்றார். நாகர்கோவிலில் ஒரு விடுதியில் தங்கியிருந்த ஜெர்மானியர் ஒருவரைப் பிடித்து நாடு கடத்தினார்கள். தென்மாவட்டத் தொண்டு நிறுவனங்கள் சிலவற்றின் வெளிநாட்டு நிதிக் கணக்குகளை முடக்கினார்கள். கடலோர மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள் என்பதால் ‘பாதிரியார் பணம்’ என்ற வசையும் சேர்ந்துகொண்டது.

2014இல் ஆட்சி மாறியது, பாட்டு மாறவில்லை. அந்த ஆண்டு சூன் மாதம் உளவுத்துறையின் அறிக்கை ஒன்று வெளியே கசிந்தது. நிலக்கரி, அணுஉலை, சுரங்கத் திட்டங்களை வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகள் தடுப்பதால் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஆண்டுக்கு 2 முதல் 3 விழுக்காடு இழப்பு என்றது அது. 2015 சனவரி 11 அன்று கிரீன்பீஸ் அமைப்பின் பிரியா பிள்ளை தில்லி விமான நிலையத்தில் தடுத்து நிறுத்தப்பட்டார். மத்தியப் பிரதேசத்தின் மகான் காட்டில் நிலக்கரிச் சுரங்கம் வருவதைப் பற்றி பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் பேசப் போய்க்கொண்டிருந்தார். அந்தத் தடை செல்லாது என்று இரண்டே மாதத்தில் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கிரீன்பீஸின் வெளிநாட்டு நிதி உரிமம் ரத்தானது.

காங்கிரசும் பாஜகவும் ஒத்துப்போகிற இடங்கள் இந்த நாட்டில் எவையென்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியலில் இருக்கிற எதுவும் நமக்கு நல்லதாக இருந்ததில்லை.

குழாயை அடைத்த பிறகும் வந்த தண்ணீர்

கூடங்குளத்தில் பணம் பற்றிய குற்றச்சாட்டைச் சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி இருந்தது. அரசே அந்தச் சோதனையை நடத்தியும் விட்டது. கணக்குகள் முடக்கப்பட்டது 2012 தொடக்கத்தில். வெளிநாட்டுப் பணம்தான் போராட்டத்தை ஓட்டியது என்றால், அன்றோடு பந்தல் காலியாகியிருக்க வேண்டும். என்ன நடந்தது? அந்த மார்ச்சில் 144 தடை போட்டு இடிந்தகரையைச் சுற்றி வளைத்தார்கள். போராட்டம் நின்றதா? செப்டம்பரில் ஆயிரக்கணக்கான மக்கள் கடற்கரை வழியாக உலையை முற்றுகையிடப் போனார்கள். தடியடி, கண்ணீர்ப்புகை. செப்டம்பர் 10 அன்று மணப்பாட்டில் ஒரு மீனவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகும் மக்கள் கடலில் இறங்கி நின்றார்கள். குழாயை அடைத்த பிறகும் தண்ணீர் வருகிறது என்றால் ஊற்று அந்த மண்ணிலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த ஊற்று எது என்பது கடலோரத்தில் இரண்டு நாள் இருந்தவர்களுக்குத் தெரியும். மீனவ ஊர்களில் ஊர்ப் பொதுக் காரியத்துக்கு மீன்பாட்டில் ஒரு பங்கு எடுத்து வைப்பது பழைய வழக்கம். இடிந்தகரை லூர்து மாதா கோயில் முன்பு போட்ட பந்தலில் பெண்கள் பீடி சுற்றிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தார்கள். கூலியை விட்டுவிட்டு வந்தால் அடுப்பு எரியாது என்பதால், கூலி வேலையையும் பந்தலுக்கே கொண்டு வந்தார்கள். அமெரிக்கா பணம் கொடுத்திருந்தால் பீடித் தட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்க மாட்டார்களா?

இன்னொரு பக்கம் பாருங்கள். உலை ரஷ்ய உலை. கடன் ரஷ்யக் கடன். ஒப்பந்தம் 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் போட்டது. விபத்து நடந்தால் அணுஉலையை இயக்குபவர் தர வேண்டிய இழப்பீட்டுக்கு 1,500 கோடி ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது 2010ஆம் ஆண்டுச் சட்டம். ஆக, உலைக்குள் போகிற வெளிநாட்டுப் பணத்துக்குப் பெயர் வளர்ச்சி. உலைக்கு எதிரே பந்தல் போட ஒரு மூங்கில் வெளியூரிலிருந்து வந்தால்கூட அதற்குப் பெயர் சதி.

அப்துல் கலாம் 2011 நவம்பரில் வந்து உலை பாதுகாப்பானது என்று சான்றிதழ் கொடுத்ததோடு, சுற்றுவட்டாரத்துக்கு 200 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றையும் சொல்லிவிட்டுப் போனார். 2012 மார்ச்சில் உலைப் பணிக்குப் பச்சைக்கொடி காட்டிய அதே நாளில் 500 கோடி ரூபாய் வளர்ச்சித் திட்டத்தை அறிவித்தார் ஜெயலலிதா. சாலையும் குளிர்பதனக் கிடங்கும் மக்களுக்கு வேண்டாமா என்றால், வேண்டும். அவை எல்லாம் அவர்களுக்கு எப்போதோ வந்திருக்க வேண்டிய உரிமைகள். போராடும்வரை வராத சாலை, போராட்டத்தைக் கைவிட்டால் வரும் என்று சொன்னால் அதற்குப் பெயர் என்ன? பணம் கொடுத்து மக்கள் மனத்தை மாற்றப் பார்த்தது யார்?

‘தூண்டிவிட்டார்கள்’ என்ற சொல்லுக்குள் இருப்பது

இந்த இடத்தில் பணத்தைவிட ஆழமான ஒன்று இருக்கிறது. 2012இல் ஒன்றிய அரசு, பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் மருத்துவர்களைப் போராடும் மக்களுக்கு ஆலோசனை வழங்க ஏற்பாடு செய்தது. கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். புகுஷிமாவில் உலைகள் உருகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. 2004 சுனாமியைத் தங்கள் கண்ணால் பார்த்த மக்கள், கடலோரத்து அணுஉலையைக் கண்டு அஞ்சுகிறார்கள். அதே அச்சத்தால்தான் ஜெர்மனி தன் அணுஉலைகளைப் படிப்படியாக மூடுவதென்று முடிவெடுத்தது. ஜெர்மனியின் அச்சம் கொள்கை. இடிந்தகரையின் அச்சம் மனநோய்.

அப்படியானால் அவர்களுக்கு இரண்டு வழிதான் வைத்திருக்கிறார்கள். ஒன்று, எவனோ பணம் கொடுத்துத் தூண்டிவிட்டான். இல்லையென்றால், புத்தி பேதலித்துவிட்டது. சிந்தித்து, விவாதித்து, ‘வேண்டாம்’ என்ற முடிவுக்கு அவர்களாகவே வந்திருக்கக்கூடும் என்ற மூன்றாவது வழி ஆள்கிறவர்கள் தலையில் உதிப்பதே இல்லை. ஏன் உதிக்கவில்லை என்பதற்கான விடை பொருளாதாரத்தில் இல்லை, வருணத்தில் இருக்கிறது. உடலால் உழைப்பவனுக்கு மூளை இல்லை, அவன் கையையும் காலையும் இயக்குவதற்கு மேலே ஒரு தலை வேண்டும் என்பதுதானே அந்தக் கோட்பாடு? அந்தத் தலை ஊரில் இல்லையென்றால் வாஷிங்டனிலாவது இருந்தாக வேண்டும். ‘தூண்டிவிட்டார்கள்’ என்ற சொல்லை யார் சொன்னாலும், காங்கிரஸ் பிரதமர் சொன்னாலும் ஆளுநர் சொன்னாலும், அது சனாதனத்தின் சொல்தான்.

கானமயிலுக்காக வழக்குப் போட்டவரும் கடலுக்காக நின்றவர்களும்

இது வெறும் கோபப் பேச்சு என்று நினைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு.

கானமயில் என்ற பறவை ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் புல்வெளிகளிலும் திரிந்தது. இன்று நாடு முழுக்க ஏறத்தாழ 150தான் மிச்சம். அவற்றில் பெரும்பாலானவை ராஜஸ்தான் பாலைவனத்தில் இருக்கின்றன. அங்கேதான் பெரும் சூரிய மின்சக்திப் பூங்காக்களும் காற்றாலைகளும் வருகின்றன. உயரழுத்த மின்கம்பிகளில் மோதி அந்தப் பறவைகள் சாகின்றன. 2019இல் உச்சநீதிமன்றத்தில் இதற்காக வழக்குத் தொடர்ந்தவர்களில் முதன்மையானவர் எம்.கே.ரஞ்சித்சிங். குசராத்தின் வாங்கானேர் அரச குடும்பத்தவர், ஐஏஎஸ் அதிகாரியாக இருந்தவர், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை வரைந்தவர். 2021 ஏப்ரல் 19 அன்று நீதிமன்றம் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. அந்த உத்தரவு பாய்ந்த பரப்பு ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் முக்கால் பங்கு! ஒன்றிய அரசு பதறிப்போய், நாட்டின் பசுமை மின்சார இலக்கே தடைபடும் என்று முறையிட்டது. 2024 மார்ச் 21 அன்று அந்த உத்தரவு தளர்த்தப்பட்டு, வல்லுநர் குழு ஒன்று அமைக்கப்பட்டது.

அந்த வழக்கு நியாயமான வழக்கு. அழிவின் விளிம்பில் நிற்கும் ஒரு பறவைக்காக வாதாடியவர் மீது ஐயம் கிளப்புவது என் நோக்கமே இல்லை. நான் கவனிக்கச் சொல்வது, அவர் எப்படி நடத்தப்பட்டார் என்பதை. நாட்டின் மின்சாரத் திட்டங்களை இவ்வளவு பெரிய பரப்பில் தடுத்து நிறுத்திய அந்த வழக்குக்காக யார் மீதும் தேசத்துரோக வழக்குப் பாய்ந்ததா? மனநல மருத்துவர் அனுப்பப்பட்டாரா? அறிவார்ந்த வாதமாக மதித்துக் கேட்டார்கள், மறுவாதம் வைத்தார்கள், குழு அமைத்தார்கள். சனநாயகம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

இடிந்தகரை மக்களுக்குக் கிடைத்தது என்ன? ஆயிரக்கணக்கானோர் மீது வழக்கு, அதில் 124-ஏ தேசத்துரோகப் பிரிவும் உண்டு. அந்த வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுங்கள் என்று 2013 மே 6 தீர்ப்பில் உச்சநீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு தரப்பும் செய்தது ஒன்றுதான்: ஓர் ஆற்றல் திட்டத்தை எதிர்த்தார்கள். ஒருவருக்கு வல்லுநர் குழு, மற்றவருக்குத் தேசத்துரோக வழக்கு. நடுவில் இருக்கிற வித்தியாசம் பிறப்பு.

இந்தியச் சூழலியல் பாதுகாப்பின் வரலாறே இப்படித்தான் தொடங்குகிறது. 1952இல் அமைந்த இந்திய வனவிலங்கு வாரியத்துக்குத் தலைமை ஏற்றவர் மைசூர் மகாராசா. நேற்றுவரை புலிவேட்டை ஆடிய மன்னர்களும் அவர்களின் நண்பர்களும் புலிக் காவலர்களாக மாறினார்கள். புலியோடு வாழ்ந்த பழங்குடிகள் ஆக்கிரமிப்பாளர்கள் ஆனார்கள். 2006இல் வன உரிமைச் சட்டம் வந்ததும் அதை எதிர்த்து 2008இல் உச்சநீதிமன்றம் போனவை சூழலியல் அமைப்புகள்தான். அந்த வழக்கில் 2019 பிப்ரவரி 13 அன்று, உரிமைக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்றும் உத்தரவு பிறந்தது. நிராகரிக்கப்பட்ட கோரிக்கைகள் 10 லட்சத்துக்கும் மேல். நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் இரண்டே வாரத்தில் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. பத்து லட்சம் குடும்பங்களை அகதிகளாக்கப் பார்த்த அந்த வழக்குக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று எந்த ஆளுநரும் கேட்கவில்லை.

பணம் உண்மையிலேயே பேசிய இடங்கள்

‘அப்படியானால் சூழலியல் அமைப்புகளுக்குப் பின்னால் பணத்தின் செல்வாக்கே கிடையாதா?’ என்று கூட்டங்களில் இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள். இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அமெரிக்காவைப் பாருங்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கடலில் 130 காற்றாலைகள் நிறுவும் ‘கேப் விண்ட்’ திட்டம் 2001இல் முன்வைக்கப்பட்டது. பணக்காரர்கள் கடல் பார்த்த மாளிகை கட்டிக் குடியிருக்கும் பகுதி அது. ‘நான்டக்கெட் சவுண்ட்’ கடற்பகுதியைக் காக்கிறோம் என்று ஓர் அமைப்பு கிளம்பியது. பறவை, மீன், கடல் அழகு என்று எல்லாம் பேசியது. அதற்குத் தலைமை ஏற்றவரும் சொந்தப் பணம் ஏறத்தாழ 50 லட்சம் டாலர் கொட்டியவரும் பில் கோக். நிலக்கரியும் பெட்ரோலியக் கரியும் விற்கும் ஆக்ஸ்போ நிறுவனத்தின் முதலாளி. அவருக்கும் அந்தக் கடலோரத்தில் மாளிகை உண்டு. தாராளவாதிகள் என்று பெயரெடுத்த கென்னடி குடும்பமும் அந்தத் திட்டத்தை எதிர்த்தது. அவர்கள் வீட்டிலிருந்து பார்த்தாலும் காற்றாலை தெரியும். பதினாறு ஆண்டு வழக்கும் இழுபறியுமாகப் போய் 2017இல் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு காற்றாலைகூட எழவில்லை.

இன்னொன்று, 1892இல் தொடங்கப்பட்ட ‘சியரா கிளப்’. அமெரிக்காவின் மூத்த சூழலியல் அமைப்புகளில் ஒன்று. நிலக்கரிக்கு எதிராகப் பெரும் இயக்கம் நடத்தியது. 2007 முதல் 2010 வரை அந்த இயக்கத்துக்காக 2.5 கோடி டாலருக்கும் மேல் வாங்கியது செசபீக் எனர்ஜி என்ற இயற்கை எரிவாயு நிறுவனத்தின் தரப்பிடமிருந்து. நிலக்கரி விழுந்தால் எரிவாயுவுக்குச் சந்தை. 2012இல் இந்த விவரம் வெளியே வந்தது. நிலக்கரி கெடுதி என்று அந்த அமைப்பு சொன்னது பொய்யில்லை. ஆனால் எரிவாயுவைப் பற்றி எவ்வளவு சத்தமாகப் பேசுவது, எப்போது பேசுவது என்பதில் பணம் குறுக்கே நிற்கும். பணம் வேலை செய்கிற விதமே அதுதான். ‘இதைச் சொல்’ என்று அது ஆணையிடுவதில்லை. எதைச் சொல்லாமல் விடுவது என்று பழக்கிவிடும்.

உலகப் பெரும் சூழலியல் நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப். அமைப்பின் அனைத்துலகத் தலைவராக 1976 முதல் 1981 வரை இருந்தவர் ஜான் லவுடன். ராயல் டச்சு ஷெல் எண்ணெய் நிறுவனத்தை நடத்தியவர். எண்ணெய் நிறுவனத்துத் தலைவரே காடு காக்கும் அமைப்புக்கும் தலைவர்!

இந்த மூன்றையும் இடிந்தகரைப் பந்தலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தப் போராட்டத்தையும் எடைபோட நான் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். திட்டம் வந்தால் யாருடைய சோறு போகும்? நாளை வெளிப்பணம் நின்றால் போராட்டம் நிற்குமா, நீடிக்குமா? முடிவெடுப்பது ஊர்க் கூட்டமா, நன்கொடையாளரா? பில் கோக்குக்குப் போனது கடற்காட்சி. இடிந்தகரைக்காரருக்குப் போவது கடல். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் இரண்டையும் ‘சூழலியல் எதிர்ப்பு’ என்று ஒரே பெட்டியில் போடுகிறவர்கள் அறியாமையால் அப்படிச் செய்யவில்லை.

சட்டம் வளைந்தது யாருக்காக?

இப்போது கேள்வியை மேலே திருப்புவோம்.

வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் முதலில் வந்தது 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில். அரசியல் கட்சிகள் வெளிநாட்டுப் பணம் வாங்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட வேதாந்தா குழுமத்தின் நிறுவனங்களிடமிருந்து காங்கிரசும் பாஜகவும் நன்கொடை வாங்கின. ஸ்டெர்லைட் ஆலை அந்தக் குழுமத்தினுடையது என்பது உங்களுக்குத் தெரியும். 2014 மார்ச் 28 அன்று தில்லி உயர்நீதிமன்றம், இரண்டு கட்சிகளும் இந்தச் சட்டத்தை மீறியுள்ளன, ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுங்கள் என்று தீர்ப்பளித்தது.

நடவடிக்கை வந்தது, கட்சிகள் மீதல்ல, சட்டத்தின் மீது. 2016ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் ‘வெளிநாட்டு நிறுவனம்’ என்பதன் விளக்கத்தையே பின்தேதியிட்டு மாற்றினார்கள். அது 2010ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மட்டுமே பொருந்தும், பழைய நன்கொடைகளைக் காப்பாற்றாது என்று தெரிந்ததும், 2018ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் 1976 ஆகஸ்ட் 5 வரை பின்னோக்கிப் போய்த் திருத்தினார்கள். மக்களவையில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. நாற்பத்திரண்டு ஆண்டுப் பாவத்தை ஒரே கையெழுத்தில் கழுவினார்கள்! கங்கையில் குளித்தால்கூட இவ்வளவு வேகமாகப் போகாது.

அதே 2018இல்தான் தேர்தல் பத்திரங்கள் நடைமுறைக்கு வந்தன. யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார் என்று மக்களுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றம் அதை அரசமைப்புக்கு எதிரானது என்று அடித்துத் தள்ளியபோதுதான் பட்டியல் வெளிவந்தது. வேதாந்தா வாங்கிய பத்திரங்கள் மட்டும் 400 கோடி ரூபாய் அளவுக்கு. தூத்துக்குடியில் சுடப்பட்டுச் செத்தவர்களிடம் ‘பணம் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்ட நாட்டில், அந்த ஆலை முதலாளியிடம் ‘பணம் எங்கே போனது?’ என்று கேட்க ஆறாண்டும் ஒரு நீதிமன்றத் தீர்ப்பும் தேவைப்பட்டன.

கீழே இருப்பவர்களுக்கு அதே சட்டம் எப்படி இருந்தது? பந்த், சாலை மறியல் என்று மக்கள் போராட்டத்தை ஆதரித்தாலே ‘அரசியல் அமைப்பு’ என்று முத்திரை குத்தி நிதியை நிறுத்தலாம் என்று விதி வைத்திருந்தார்கள். 2020 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்த விதியின் பல்லைப் பிடுங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் சட்டத்தையே இறுக்கினார்கள். பெரிய அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியைச் சிற்றூரில் வேலை செய்யும் சிறு அமைப்புக்குப் பகிர்ந்து கொடுப்பதற்கே தடை. நிர்வாகச் செலவு 50 விழுக்காடுவரை என்றிருந்தது 20 விழுக்காடாகக் குறைந்தது. கணக்கைத் தில்லி பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் தொடங்க வேண்டும். இதில் அடிபட்டவை தில்லியில் வழக்கறிஞரும் கணக்காயரும் வைத்துக்கொள்ள முடிந்த பெரிய அமைப்புகளைவிட, கிராமத்துச் சிறு அமைப்புகள்தான். பழங்குடிப் பெண்களும் தலித் இளைஞர்களும் நடத்தும் அமைப்புகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகை.

நாம் செய்ய வேண்டியது

இதைப் படித்துவிட்டு, ‘ஆகவே தொண்டு நிறுவனங்கள் எல்லாம் நல்லவை’ என்று யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். நன்கொடையை நம்பிய அரசியலுக்கு ஒரு வியாதி உண்டு. மூன்றாண்டுத் திட்டக் காலம் முடிந்தால் பிரச்சினையும் முடிந்துவிடும். ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்தவர் தலைவர் ஆகிவிடுவார். அவர் எந்தச் சாதி என்று கேட்டால் முகம் சுளிப்பார்கள். புலிக்கும் ஆமைக்கும் நிதி கிடைக்கும். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் விழுகிற ஆற்றில் இறால் தேடுகிறவருக்கு எத்தனை பேர் நிதி தருவார்கள்? மின்சாரம் நகரம் முழுவதற்கும், சாம்பல் மட்டும் எண்ணூருக்கு ஏன், மயிலாப்பூருக்கு ஏன் இல்லை என்று கேட்கும் சூழலியல் அமைப்பு எத்தனை இருக்கிறது? மின்சாரம் நமக்கும் வேண்டும். ஊர்த்தெருவில் எரிகிற விளக்கு சேரியிலும் எரிய வேண்டும் என்று கேட்டவர்கள் நாம். அந்த விளக்குக்கான விலையை யார் தலையில் கட்டுகிறார்கள் என்பதுதான் நம் கேள்வி. சாதியைப் பேசாத சூழலியலால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

அதனால் தோழர்களே, மூன்று காரியம்.

ஒன்று, நம் போராட்டங்களின் வரவு செலவை நாமே ஊர் நடுவில் எழுதி ஒட்டுவோம். சட்டம் கேட்கிறது என்பதற்காக அல்ல, மக்களுக்குக் கணக்குச் சொல்வது நம் மரபு என்பதற்காக. சிறுசிறு தொகையாக மக்களிடம் வாங்கி, காசுக்குக் காசு கணக்கு வைத்து ஓர் இயக்கத்தையே நிற்க வைத்துக் காட்டியவர் பெரியார். துண்டேந்தி வாங்கிய பணத்தில் நடக்கும் போராட்டத்தை எந்தக் கணக்கை முடக்கியும் நிறுத்த முடியாது.

இரண்டு, நமக்கு ஆதரவாக வரும் அமைப்புகளிடமும் இதே கேள்வியைக் கேட்போம். யார் பணம், யார் முடிவு, உங்கள் நிர்வாகக் குழுவில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர்? பதில் சொல்கிறவர் தோழர். கோபித்துக்கொள்கிறவர் போகலாம்.

மூன்று, திட்டத்தைக் கொண்டு வருகிறவர்களை விடக் கூடாது. உழவர் நெடுவாசலில் ஹைட்ரோகார்பனை எதிர்த்தபோதும் ‘யார் தூண்டினார்கள்?’ என்றுதான் கேட்டார்கள். இனி எந்த ஊரில் எந்தத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தாலும் முதல் கேள்வி நம்முடையதாக இருக்கட்டும்: இந்த நிறுவனம் எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தது? சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையை எழுதிய ஆலோசனை நிறுவனத்துக்குச் சம்பளம் கொடுத்தது யார்? அந்தச் சம்பளத்தைக் கொடுப்பது திட்டத்தைக் கொண்டு வருகிற நிறுவனமே. இது சட்டப்படி நடக்கிற வழக்கம், யாரும் மறைப்பதுகூட இல்லை. ஆலை முதலாளி கூலி கொடுத்து எழுத வைத்த அறிக்கை அறிவியல் என்றால், மீனவன் தன் மீன்பாட்டில் பங்கெடுத்துப் போட்ட பந்தல் எப்படிச் சதி ஆகும்?

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் ஆட்சியர் மேடையில் இருப்பார், ஒலிவாங்கி இரண்டு நிமிடம் நம் கைக்கு வரும். அந்த இரண்டு நிமிடத்தில் இதைக் கேளுங்கள். பதில் வரும்வரை ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.